குட்டியின் கையில் விரல் தடம்

மார்ச் 4

முதலாளியம்மாவுக்குப் புது யோசனை வந்திருக்கிறது. சாப்பாட்டை விடச் சைடு டிஷ்ஷைப் பற்றித்தான் ஊர் பேச வேண்டுமாம். இனி சாதா எலுமிச்சை கிடையாது. அவித்த பீன்ஸுக்குக் கிடாரங்காய்த் தோல், பீட்ரூட்டுக்கு நாரத்தை, வறுத்த உருளைக்கிழங்குக்கு நான் இதுவரை கண்ணால் பார்க்காத ஒரு பழம். கரும்பச்சை நிறம், உடம்பெல்லாம் மேடு பள்ளம். பெட்டியில் எழுதியிருந்த பெயரை முதலாளியம்மாவாலேயே வாசிக்க முடியவில்லை. நாங்கள் ‘சொறியன்’ என்று வைத்துவிட்டோம். சாறு என்று ஒன்றும் தேறாது. வாசனை முழுக்கத் தோலில். மடக்கிப் பிழிந்தால் எண்ணெய் தூறலாகத் தெறிக்கிறது.

சைடு டிஷ் பிரிவு என்னுடையது என்பதால் எல்லாம் என் தலையில். சமையலறையில் என் பெயரே ‘சைடு’தான். வீட்டிலும் அதே நிலைமைதானே என்கிறாள் மனைவி.

மார்ச் 9

உருளைக்கிழங்கு சக்கைப்போடு போடுகிறது. கறியை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கிழங்குத் தட்டை வழித்துத் தின்கிறார்கள். ஒருவர் உள்ளேயே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். கர்வமாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சந்தோஷம் வீட்டில். காலை வேலை முடிந்து ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்துவிட்டுப் போவேன். வந்ததும் குட்டியை இரண்டு மேல்கைகளையும் பிடித்துத் தூக்கி ஒரு சுற்று சுற்ற வேண்டும், அது எங்கள் வழக்கம். நாலு வயது மகாராணிக்கு என் கையில் வெங்காய நாற்றம் அடிக்கிறதாம், மூக்கைப் பொத்திக்கொள்வாள். இப்போது கிளம்பும் முன் பிழிந்துபோட்ட சொறியன் தோலைக் கையில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு அப்படியே வருகிறேன். கழுவினால் வாசனை போய்விடும். இன்று என் உள்ளங்கையை மோந்து பார்த்துவிட்டு, “அப்பா மிட்டாய் வாசம்” என்றாள். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்.

பிறகு மச்சினன் அவளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனான். மனைவியின் தம்பி, வேலை தேடிக்கொண்டு எங்களோடு தங்கியிருக்கிறான். மனைவி அலுவலகம் போய்விடுவதால் பகலெல்லாம் குட்டி அவன் பொறுப்பு. அவனுக்கு வேலை கிடைக்காமல் இருந்தால்தான் நமக்கு நல்லது என்று சொல்லிச் சிரித்தோம்.

மார்ச் 12

குட்டியின் மேல்கையில் சிவப்பாக ஏதோ. கொசு என்கிறாள் மனைவி. கொசு இப்படி வரிசையாகவா கடிக்கும்?

மார்ச் 13

கொசு இல்லை. காலையில் பார்த்தால் சிவப்பெல்லாம் கொப்புளமாகியிருக்கிறது. ஒரு பக்கம் நான்கு கோடுகள், மறு பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு ஒன்று. இரண்டு கையிலும். ஒரு பெரிய ஆள் அழுத்திப் பிடித்த தடம். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

டாக்டர் தடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். “வீட்டுல வேற யாரு இருக்காங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் களிம்பு எழுதிக்கொடுத்தார்.

வீடு வரும்வரை மனைவி குட்டியின் சட்டைக் கையை இழுத்து இழுத்துத் தடத்தை மூடிக்கொண்டே வந்தாள்.

மார்ச் 14

மச்சினனிடம் கேட்டேன். சாதாரணமாகத்தான் ஆரம்பித்தேன். “பூங்காவுல அடம் பிடிச்சாளா?”

“இல்லையே அத்தான்.”

“கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தியா?”

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. முகம் வெளுத்துவிட்டது. தப்பு செய்தவன் முகமும் வெளுக்கும், செய்யாதவன் முகமும் வெளுக்கும். எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குட்டியைத் தனியாக வைத்துக் கேட்டேன். “மாமா அடிக்கலை” என்கிறாள். அப்படிச் சொல்ல யார் சொல்லிக்கொடுத்தது?

பகலில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் இன்னும் அவனிடம்தான் விட்டுப் போகிறோம். இப்போதெல்லாம் வந்தவுடன் அவளை விட மனமில்லை. மடியில் போட்டுக்கொண்டு கையையும் கழுத்தையும் தடவிக்கொண்டே இருக்கிறேன். பாவம், என் குழந்தை.

மார்ச் 17

பழைய கொப்புளம் அடங்கிப் பழுப்பாகிவிட்டது. பழுப்பானதும் விரல்கள் இன்னும் துல்லியமாகத் தெரிகின்றன. பின்கழுத்தில் புதிதாக இரண்டு. கழுத்தில். அவளுடைய கழுத்தைப் பிடிக்க ஒருவனுக்கு எப்படி மனசு வரும்?

மார்ச் 18

அவனைப் போகச் சொல்லிவிட்டேன்.

“அவன் நான் தூக்கி வளர்த்த பிள்ளைங்க” என்று மனைவி அழுதாள். “அப்ப இது யாரு விரலு? நீ சொல்லு” என்றேன். அவன் வாதாடவில்லை. துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு, “நான் பண்ணலை அத்தான். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்” என்றான். இனிமேல் இந்தத் தெருவிலேயே உன்னைப் பார்க்கக் கூடாது என்றேன். வேறு என்னென்னவோ சொன்னேன், அதையெல்லாம் எழுதக் கை வரவில்லை.

மனைவி நீண்ட விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறாள்.

மார்ச் 20

மழை.

மார்ச் 26

மழை விடவேயில்லை. குட்டி வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாள், மாமா எங்கே என்று நச்சரிக்கிறாள். உடம்பில் புதுத் தடம் ஒன்றுகூட இல்லை. நான் நினைத்தது சரிதான் என்று ஆகிவிட்டது. நிம்மதி வந்திருக்க வேண்டும். மனைவி என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள்.

மார்ச் 29

ஒருவழியாக வெயில். நான் திரும்ப வேலைக்குக் கிளம்பும்போது அம்மாவும் மகளும் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். குட்டி மேலிருந்து கையாட்டினாள்.

மார்ச் 31

மறுபடியும். இரண்டு மேல்கையிலும். நான்கு கோடு, ஒரு கட்டைவிரல்.

அவன் இல்லை. அவன் இந்த ஊரிலேயே இல்லை.

“நான் அவளை விட்டு ஒரு நிமிஷம் நகரலை” என்றாள் மனைவி. வீட்டில் மிச்சம் இருப்பது யார்?

ஏப்ரல் 1

“உங்க கையை வச்சுப் பாருங்க” என்றாள்.

குட்டி பொம்மையோடு உட்கார்ந்திருந்தாள். வைத்துப் பார்த்தேன். சின்ன விரலிலிருந்து கட்டைவிரல் வரை, இடைவெளிகூடத் தப்பாமல் பொருந்தியது. மனைவி குழந்தையை என் கைக்குக் கீழிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

நான் பண்ணலை. சத்தியமா பண்ணலை. பண்ணலைன்னா இது எப்படி வந்துச்சு? தூக்கத்துல எழுந்து ஏதாவது — இல்லை, கோவத்துல எனக்கே தெரியாம... வேலை டென்ஷன்ல எத்தனை தடவை கத்தியிருக்கேன். கத்துறவன் கை ஓங்க மாட்டானா? என் கை என்ன பண்ணுதுன்னு எனக்கே தெரியலைன்னா நான் யாரு?

ஏப்ரல் 2

மனைவி குட்டியைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. நல்லதுதான் என்று தோன்றியது, அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 7

மனைவி குட்டியைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறாள்; அங்கிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். காலை வேலையை முடித்துவிட்டு அப்படியே போனேன். தோல் டாக்டர் ஒரு அம்மா. பக்கத்தில் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி, கையில் பேனாவோடு. மனைவி குட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா என் இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். புறங்கையில் திட்டுத் திட்டாகப் பழுப்பு. அடுப்புச் சூடு என்று நான் கண்டுகொள்ளாமல் விட்டது. குனிந்து மோந்து பார்த்தார்.

“என்ன வேலை பாக்குறீங்க?”

சொன்னேன். பழத்தைப் பற்றிக் கேட்டார், அதையும் சொன்னேன். வெங்காய நாற்றம் போகத் தோலைத் தேய்த்துக்கொள்வதையும்.

“கழுவாம அப்படியே குழந்தையைத் தூக்குவீங்களா? அதுக்கப்புறம் அவ வெயில்ல விளையாடுவாளா?”

ஆமாம். ஆமாம்.

அந்தப் பழத்தோலின் எண்ணெய் உடம்பில் பட்டு, அந்த இடத்தில் வெயிலும் பட்டால் சதை வெந்துபோகுமாம். உடனே தெரியாது, ஓரிரு நாள் கழித்துத்தான் எழும்பும். அடுப்படியில் காய்த்துப்போன என் உள்ளங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குப் பிஞ்சுத் தோல். மழை நாட்களில் அவள் வெளியே போகவில்லை, அதனால் தடம் வரவில்லை. “இது யாரும் அடிச்ச காயம் இல்லைம்மா” என்று மனைவியிடமும் அதிகாரியிடமும் திரும்பிச் சொன்னார். மனைவி அங்கேயே உடைந்து அழுதாள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மச்சினனின் வெளுத்த முகம்தான் வந்தது.

ஏப்ரல் 8

முதலாளியம்மாவிடம் விவரம் சொன்னேன். பதறிப்போய், “சாப்பிடறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?” என்றார். பயம் இல்லை, மேலே பூசிக்கொண்டு வெயிலில் போகக் கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார் என்றேன். “அப்ப உருளைக்கிழங்கு இருக்கட்டும்” என்று கையுறைப் பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மனைவியும் குட்டியும் வந்துவிட்டார்கள்.

ஏப்ரல் 10

மச்சினன் என் போனை எடுக்கவில்லை. மனைவி கூப்பிட்டால் எடுக்கிறான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரிக்கா. குட்டி நல்லா இருக்கால்ல, அது போதும்” என்றானாம்.

ஏப்ரல் 27

இன்று வந்தான். மனைவி மன்றாடி வரவழைத்தாள். வாசலிலேயே நின்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன், வாயில் வந்தது இரண்டு வார்த்தைதான். “பரவால்ல அத்தான். யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க” என்றான். கோபமே இல்லை அவனிடம். திட்டியிருந்தால் தேவலை.

குரல் கேட்டுக் குட்டி உள்ளிருந்து ஓடி வந்தாள். தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான், பிறகு என்னை ஒரு முறை பார்த்தான். “மாமாவுக்குக் கை வலிடா” என்றான். அவள் விடவில்லை, காலைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். மனைவி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகும்வரை அவன் கைகளைப் பேண்ட் பையிலிருந்து எடுக்கவேயில்லை.