ஞாயிற்றுக்கிழமை நோயாளிகள்

மார்ச் 3, செவ்வாய்

உலக மக்களின் மேலான கவனத்திற்கு: இன்று காலை எட்டேகாலுக்கு என் இடது ஷூவின் கயிறு வீரமரணம் அடைந்தது. இறுதி மரியாதை குப்பைத்தொட்டியில் நடந்தது.

அடுத்த செய்திக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் டாக்டர். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க, முப்பது நோயாளிகளும் கூட வேலை செய்பவர்களும் அவளைப் பற்றிப் பெயர் போடாமல் எழுதித் தர வேண்டும். எதை மாற்றிக்கொள்ளலாம் என்று பெரிய டாக்டர் அவளோடு உட்கார்ந்து பேசுவார்.

இதுவரை வந்ததில் ஒன்றை அம்மா திரும்பத் திரும்பப் படித்தாள். “நான் பேசும்போது கம்ப்யூட்டரையே பார்க்கிறார். என் பயத்தை அதுவா கேட்கும்?” சந்தேகம் கேட்கவே பயமாக இருக்கிறது என்று ஒரு நர்ஸும் எழுதியிருக்கிறார். அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

குறை தீர்க்கும் படிவமா இது? குறை தீட்டும் படிவம். ஒரு நாளைக்கு எண்பது பேரைப் பார்க்கிறவள், கம்ப்யூட்டரைப் பார்க்காமல் காற்றிலா மருந்து எழுதுவாள்?

மார்ச் 5, வியாழன்

இன்னும் ஆறவில்லை. பெயர் போடத் துணிச்சல் இல்லாதவனுக்குப் பேனா ஒரு கேடா?

மார்ச் 8, ஞாயிறு

நானும் பெயர் போடவில்லை. அது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வெற்றுப் படிவங்களை அள்ளி வந்தேன். இன்று உட்கார்ந்து நானே நிரப்பினேன்: பதினொரு நோயாளிகள், பதினொரு விதக் கையெழுத்து. ஒருவருக்குக் கை நடுக்கம், ஒருவருக்குப் புள்ளி வைக்கவே தெரியாது. நாளை ஆஸ்பத்திரியில் படிவம் போடும் பெட்டியில் போட்டுவிடுவேன். எந்தத் துப்பறிவாளன் வந்தாலும் துப்பிவிட்டுத்தான் போவான்.

மார்ச் 12, வியாழன்

மாட்டிக்கொண்டது நான் இல்லை. அம்மா.

ஒவ்வொரு படிவத்திலும் ஒழுங்குப் பிள்ளையாக அன்றைய தேதியைப் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் பிரிவுக்கே பூட்டு. பெரிய டாக்டர் கேட்டாராம்: “ஞாயித்துக்கிழமை இங்க யாரைப் பார்த்தீங்க, டாக்டர்?”

அம்மாவே எழுதிப் போட்டாள் என்று நினைக்கிறார்கள். உரிமம் புதுப்பிப்பதை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

என்ன மனுசங்க இவங்க? பதினெட்டு வருசமா கூட வேலை பார்க்கிறாங்களே, அவ பொய் சொல்வாளான்னுகூடவா தெரியாது? அறிவு வேணாம்?

— அறிவு யாருக்கு வேணும்? தேதி போட்டவனே, சும்மா இருடா.

மார்ச் 13, வெள்ளி

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை.

“நீ எழுதினது எல்லாத்துலயும் ‘நல்ல டாக்டர்’னு மட்டும்தான்டா இருக்கு. திட்டினவர்தான் என்னை நேராப் பார்த்திருக்கார்.”

அதற்குத்தான் இன்னும் எரிகிறது. யாருக்காகச் சண்டை போட்டேனோ, அவளே எதிர்க்கட்சி.

பிறகு பெரிய டாக்டர் முன்னால் போய் நின்றேன். அவர் நாற்காலியைக் காட்டவில்லை.

மார்ச் 27, வெள்ளி

அம்மா மீதான சந்தேகம் போய்விட்டது. ஆனால் பழைய படிவங்கள் அத்தனையும் செல்லாது, முப்பதும் முதலிலிருந்து. அம்மா கம்ப்யூட்டரை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டாளாம். நர்ஸ் அக்கா சொன்னார்.

ஒரு திருத்தம். பதினொன்று என்று எழுதியது பொய். மூன்றுதான். நான்காவதில், ‘இந்த டாக்டரிடம் உங்களுக்குப் பிடித்தது என்ன?’ என்ற கேள்விக்கு அரை மணி நேரம் உட்கார்ந்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.