தண்ணீரில் இறங்காத கைக்கடிகாரம்

மாமல்லபுரம்

அன்புள்ள அம்மாவுக்கு, ஜுனைத் ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். அத்தாவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா? போனில் பேசினால் குரல் உடைந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

அத்தா சங்கு குளிக்கப் போகும்போது கட்டிக்கொள்ளும் சாவி கொடுக்கிற கைக்கடிகாரத்தைச் சின்ன வயதில் கடலில் தொலைத்தேனே, அதே மாதிரி பழையது ஒன்றைச் செங்கல்பட்டில் வாங்கினேன். உள்ளே ஒரே துரு. கடிகாரக்கடை செல்வராஜ் அண்ணன் ஒரு மாதம் பாடுபட்டு ஓட வைத்தார்.

"ஓடிக்கினு கீது தம்பி. தண்ணில மட்டும் எறக்காத, தாங்காது."

"அத்தாவும் இனிமேல் இறங்க மாட்டார் அண்ணே" என்று சிரித்தேன். தெருவுக்கு வந்ததும் அழுதுவிட்டேன். பயப்படாதீர்கள்.

எங்கள் ஓட்டலில் இப்போது லீவு கிடையாதாம். நான் வரும்வரை அத்தா இருப்பாரா?

கடிகார வாரில் துளை போட வேண்டும். அவர் மணிக்கட்டை நூலால் அளந்து அனுப்புங்கள். எவ்வளவு இளைத்திருக்கிறார் என்று எழுத வேண்டாம், நூலே போதும்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் ஜுனைத்