கச்சேரிப் பதிவில் என் குரல்

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. முதலில் சாப்பிடுங்கள். இதைப் படித்தபின் ஒரு வாய்கூட இறங்காது.

பாடகர் ஃபோன் செய்தார். நீங்கள் பதிவு செய்த அவருடைய கச்சேரியைக் கடையில் விற்கிறார்களாம். "விக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினதாலதாம்மா உங்க வீட்டுக்காரரை மைக்கோட உள்ள விட்டேன். நாலு மணிக்கு வர்றேன், இருக்கச் சொல்லுங்க" என்றார். இனி உங்களை அரங்கத்துக்குள்ளேயே விடமாட்டார் போலிருக்கிறது.

கொடுத்தது நான்தான். நம் வீட்டுத் திரைச்சீலை தைத்த தையல்காரர் அந்தப் பதிவை ஆசையாய்க் கேட்டார், ஒரு பிரதி கொடுத்தேன். கூலி வேண்டாம் என்றார், சந்தோஷமாய் வந்துவிட்டேன். அவர் அதைப் பக்கத்துக் கடைக்குக் கொடுத்துவிட்டார். பதிவைக் கொடுத்தால் பதிலுக்கு ஒரு வாய் காபிகூட வாங்கக் கூடாது என்பது உட்பட, ரசிகர் குழுவுக்கு நீங்கள் இயற்றிய பதினேழு விதிகளும் ஃபிரிட்ஜ் கதவில்தான் ஒட்டியிருக்கின்றன. நான் பால் எடுக்கத்தான் அதைத் திறக்கிறேன்.

அந்தப் பதிவில், உருக்கமான பாட்டுக்கு நடுவே, "முடிஞ்சதும் எழுப்புங்க" என்று ஒரு பெண்குரல் கேட்கிறதாம். "அது யாரும்மா?" என்றார். ஃபோனை வைத்துவிட்டேன்.

மிச்சப் பிரதிகளைத் திரும்பக் கேட்கக் கடைக்கு ஓடுகிறேன். சாவியைச் செருப்பு அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடுங்கள்.

பி.கு.: பதிவிலிருந்து கைதட்டலைக்கூட வெட்டக் கூடாது என்பது உங்கள் ஒன்பதாம் விதி. அன்று நீங்கள் மூன்று முறை இருமினீர்கள். இப்போது போட்டுக் கேட்டேன்: பதிவில் ஓர் இருமல்கூட இல்லை, என் குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. அது அன்பா அலட்சியமா என்று பிறகு சண்டை போடலாம். இன்று மட்டும் அவர் முன்னால் என்னை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். பயமாயிருக்கிறது.