ராயக்கோட்டை ஏற்றத்தில் ரெகுலேட்டர் யார் கையில்

ஓசூர், ரயில்வே லைன் வீடு
21-2-93

அன்பு மகன் ஹரீஷ்குமாருக்கு உன் சித்தப்பா ஆஞ்சப்பன் எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி மாதம்மாளும் உன் தங்கை மணிமேகலையும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் அப்படியே இருக்க மலைமேல் இருக்கிற சந்திரசூடேஸ்வரர் பார்த்துக்கொள்ளட்டும். உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது, பதில் தாமதம், ஏன் தாமதம் என்று போகப் போகத் தெரியும், முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். மணிமேகலைக்கு சிப்காட்டில் ஒரு கடிகாரக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, தலைமுடி மாதிரி இருக்கிற ஸ்பிரிங்கை இடுக்கியால் எடுத்து வைக்கிற வேலை, இன்டர்வியூவுக்கு நாலாயிரம் பேர் வந்தார்கள், இவள் ஒருத்தியைத்தான் எடுத்தார்கள். இதை எழுதும்போதே தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "நாப்பது பேருப்பா, பன்னெண்டு பேர எடுத்தாங்கோ, மொதல்ல அத அடி" என்கிறாள். சரி, அடித்ததாக வைத்துக்கொள், இந்தக் கடிதத்தில் அவள் சொல்வதைக் கேட்பதாக ஒப்புக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். உன் சித்திக்கு முழங்கால் வலி, பக்கத்து வீட்டு ரங்கம்மா கொடுத்த எண்ணெயைத் தேய்க்கிறாள், அந்த நாற்றத்துக்கே வலி ஓடிவிடும். பாரூரில் உன் மாமன் நாராயணப்பன் வீட்டுக்குப் போயிருந்தோம், ஏரி நிரம்பி மீன் கரும்புக்குள் நீந்துகிறது, வேட்டியை விரித்து ஒரே வாரலில் முப்பது கிலோ பிடித்தேன். உன் சித்தி உள்ளேயிருந்து, "மூணு மீனு, அதுல ஒண்ணு தவள, வேட்டி இன்னும் நாறுது, அதையும் எளுதச் சொல்லு" என்கிறாள். எழுதிவிட்டேன். நீ பனியனோடு ஏசியில் படுக்காதே, நெஞ்சில் சளி கட்டும், நாலு வயதில் என் மடிக்கு வந்ததிலிருந்து உனக்கு அந்த நெஞ்சு ஒன்றுதான் தொந்தரவு.

இனி என் வேலை சேதி. பங்குனியோடு நம் பாசஞ்சருக்கு கரி இன்ஜின் கிடையாது, எல்லாம் டீசல் என்று ஷெட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். நேற்று வரை புகை விட்டுக்கொண்டு வந்த இன்ஜின்களில் இரண்டை இப்போதே ஓரத்துச் சைடிங் தண்டவாளத்தில் தள்ளி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள், அவற்றின் மேல் சாக்பீசால் யாரோ தன் பெயரை எழுதிவைத்திருக்கிறான். இருக்கட்டும், இரும்புக்கு என்ன, எனக்கு அதில் அழுகை ஒன்றும் வரவில்லை. வெயிலில் அடுப்புக்கு முன்னால் நின்று ஒரு நாளைக்கு மூன்று டன் கரி அள்ளினவனுக்கு டீசல் வந்தால் சந்தோஷம்தான், பெஞ்சில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு போகலாம். பேரில் கறுப்புப் புள்ளி இல்லாத பயர்மேன்களை எல்லாம் டீசலுக்கு அசிஸ்டென்டாக எடுத்து டிரெயினிங் அனுப்புகிறார்கள், எட்டாவது பெயிலான எனக்கும் அந்த லிஸ்டில் பேர் இருந்தது, பதினோராவது பேர். இருந்தது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. இப்போது நான் ஷெட்டில் சாம்பல் குழியில் நிற்கிறேன், இன்ஜின் வந்து நின்றால் அடியில் சாம்பலை இழுக்கிற வேலை, கரி இன்ஜின் நின்ற பிறகு அந்தக் குழியும் இல்லை, நானும் இல்லை. காரணம் உனக்கே பாதி தெரியும். மீதிப் பாதி உனக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

உன் வருங்கால மாமனார் டிரைவர் சென்னகிருஷ்ணனும் நானும் பதினேழு வருஷம் ஒரே இன்ஜின். அவன் வலது பக்கம், நான் இடது பக்கம். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, பாய்லரில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்து நான் "முக்கா" என்று கத்துவேன், அவன் திரும்பிப் பார்த்து "முக்கா" என்பான், நான் "அரை" என்றால் அவனும் "அரை" என்பான். அவன் திருப்பிச் சொன்னால்தான் கணக்கு, சொல்லாவிட்டால் மறுபடி கத்துவேன். மற்றபடி அவன் பேசுகிற ஆள் இல்லை, பேசுகிறது நான், தலையாட்டுகிறது அவன். டீக்கடையில் நான், கேலமங்கலத்தில் மாட்டுக்காக ஒரே கையால் வண்டியை நிறுத்தினேன் என்பேன், கடைக்காரன் "நெசமாண்ணே?" என்று அவனைக் கேட்பான், அவன் டீயை ஆற்றிக்கொண்டே தலையாட்டுவான். நான் ரெகுலேட்டரைத் தொட்டதே இல்லை கண்ணு. அது ஆவியைத் திறந்து வண்டியை ஓட்டுகிற பிடி, டிரைவர் கையில் இருக்கிற சாமான், பயர்மேன் கையில் இருப்பது கரி அள்ளுகிற ஷவல். இத்தனை வருஷமாக நான் உனக்கு எழுதின கடிதங்களில் ஓட்டினது எல்லாம் அவன், எழுதினது மட்டும் நான். ஒவ்வொரு கடிதத்துக்கும் அடியில் இன்ஜின் டிரைவர் ஆஞ்சப்பன் என்று கையெழுத்துப் போட்டேனே, அதுவும் அப்படித்தான். ஸ்கூலில் உன் அப்பா என்ன வேலை என்று கேட்டபோது நீ "எங்க சித்தப்பா டிரைவரு" என்று சொல்லிவிட்டு வந்தாய், ஐந்து வயது, அதைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை, அப்புறம் திருத்துகிற நாளும் வரவில்லை.

இப்போது பொங்கல் கழிந்து நாலாம் நாள் நடந்ததை எழுதுகிறேன். மணிமேகலை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள், ஒரு சொல் கூடினாலும் அடிக்கச் சொல்கிறாள். அன்றைக்கு செகண்ட் பயர்மேன் லீவு, இன்ஜினில் நாங்கள் இரண்டே பேர். மூன்று மணிக்கு ஓசூர் ஸ்டேஷனில் டீசல் இன்ஸ்ட்ரக்டர் வந்து டிரைவர்களைப் பார்ப்பதாக இருந்தது, லேட்டாக வருகிறவன் பேர் கடைசிக்குப் போய்விடும் என்று பேச்சு. அடிவாரத்து ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க நின்றோம், குழாயில் தண்ணீர் நூல் மாதிரி விழுந்தது. இன்ஜினுக்குப் பின்னால் இருக்கிற டெண்டர் தொட்டி பாதிகூட நிறையவில்லை, அவன் வாட்சைப் பார்த்துவிட்டு கையைக் காட்டினான். நான், "அண்ணா, ஏத்தத்துக்குப் பத்தாது, இன்னும் பத்து நிமிசம்" என்றேன். அவன், "ராயக்கோட்டயில புடிச்சுக்கலாம், ஏறு" என்றான். ஏறினேன். ஏற்றத்தில் பாதி தூரத்தில் டெண்டர் காய்ந்துபோயிற்று, பாய்லருக்குத் தண்ணீர் தள்ளுகிற இன்ஜெக்டர் காற்றை இழுத்துக் கொரகொர என்றது. நான் கண்ணாடியைப் பார்த்து "கால்" என்று கத்தினேன். அவன் திருப்பிச் சொல்லவில்லை. மறுபடி "கால்" என்றேன். அப்புறம் கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை, "கண்ணாடி காலிண்ணா, நெருப்பத் தள்ளிடறேன்" என்று ஷவலைக் கீழே போட்டுவிட்டு நெருப்பு வாருகிற கம்பியை எடுத்தேன். அவன் என் கையைப் பிடித்து, "கோட்ட தெரியுது பார்டா, ரெண்டு கிலோமீட்டரு, சும்மா இரு" என்றான். பதினேழு வருஷத்தில் அவன் அவ்வளவு நீளமாகப் பேசினது அன்றைக்குத்தான். நான் சும்மா இருந்தேன். என் தப்பு அது ஒன்று உண்டு, அதை மறைக்கவில்லை. ஒரு நிமிஷம் போயிருக்கும், நெருப்புப் பெட்டியின் மேல்தகட்டில் இருக்கிற ஈய பிளக் உருகி, ஆவி சீறி நெருப்பை அணைத்து, வண்டி நின்றுவிட்டது. தண்ணீர் வற்றினால் பாய்லர் வெடிக்காமல் காப்பாற்றுகிற பிளக் அது. இன்ஜின்காரனுக்கு அதைவிட அவமானம் வேறு இல்லை, பிளக் உருகினால் விசாரணை நிச்சயம். தக்காளிக் கூடைக்காரப் பெண்கள் எல்லாம் இறங்கி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்களைத் திட்டிக்கொண்டே தண்டவாளத்து ஓரமாக ராயக்கோட்டைக்கு நடந்தார்கள். ஒருத்தி, "கரி திங்கற எருமைக்குத் தண்ணி காட்ட மாட்டீங்களாடா" என்றாள். பிறகு ஓசூரிலிருந்து ஒரு டீசல் வந்து எங்களைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று. அவ்வளவுதான் நடந்தது.

அந்த வாரமே உனக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன், ஞாபகம் இருக்கும். ஏற்றத்தில் டிரைவர் மயங்கி உட்கார்ந்துவிட்டார், நான்தான் ரெகுலேட்டரைப் பிடித்தேன், தண்ணீரே இல்லாத இன்ஜினைக் கோட்டை தெரிகிற வரைக்கும் ஏற்றினேன், எண்ணூறு உயிரைக் காப்பாற்றினேன் என்று. அவமானத்தை உனக்கு எப்படி எழுதுவது, அதற்கு ஜரிகை தைத்து அனுப்பினேன். அனுப்பின சந்தோஷத்தில் சென்னகிருஷ்ணனிடமும் சொன்னேன், "உன்ன மயக்கம் போட வச்சுட்டேண்ணா, மருமவனுக்கு எளுதியிருக்கேன்" என்று. அவன் சிரிக்கவில்லை, தலையாட்டினான். அன்றைக்கே அவன் மஸ்கட்டுக்கு எழுதியிருக்கிறான் என்று இப்போதுதான் தெரிகிறது.

போன செவ்வாய்க்கிழமை விசாரணை. நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன், என் வாயிலிருந்து ஜரிகை இல்லாமல் வந்த முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். ஆபீசர் கேட்டுவிட்டு, பைலிலிருந்து நாலு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். என் கையெழுத்து. மேலே உன் பேர். கூடவே நீ சென்னகிருஷ்ணனுக்கு எழுதின சீட்டையும் உரக்கப் படித்தார், "மாமா, நீங்கள் கேட்டபடி சித்தப்பாவின் கடிதத்தை அனுப்பியிருக்கிறேன், என் சித்தப்பா எனக்கு எழுதுகிற கடிதத்தில் பொய் எழுத மாட்டார்" என்று. ஆபீசர் சென்னகிருஷ்ணனைப் பார்த்து, இதில் எழுதியிருப்பது சரியா என்று கேட்டார். அவன் தலையாட்டினான். டீக்கடையில் ஆட்டுவானே, அதே ஆட்டு. எனக்கு அதைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது, ஹரீசு, சிரித்தும்விட்டேன், ஆபீசர் அதையும் எழுதிக்கொண்டார். நான் எழுதினது பொய்யா என்று என்னைக் கேட்டார். பொய் என்று சொல்லிவிட்டால் வேலை பிழைக்கும், ஆனால் உன் சீட்டு அங்கே மேஜைமேல் இருக்கிறது, உன் எழுத்துக்கு முன்னால் நின்று அதை எப்படிச் சொல்வது? யோசித்துச் சொல்கிறேன் சார் என்று வந்துவிட்டேன்.

சென்னகிருஷ்ணன் எனக்குச் செய்தது இருக்கட்டும், அவன் பொய் சொன்னான் என்றுகூட என்னால் சொல்ல முடியாது, என் பொய்க்குத் தலையாட்டினான், அவ்வளவுதான். விசாரணை முடிந்த சாயந்திரம் ஆள் விட்டு, "தப்ப ஒத்துக்கிட்டு எளுதிக் குடுத்துரச் சொல்லு, கல்யாணத்த வச்சுக்கிட்டு எதுக்கு வம்பு" என்று சொல்லியனுப்பினான். உன் சித்தி வாசலில் நின்று கேட்ட கேள்வியில், வந்த ஆள் செருப்பை விட்டுவிட்டே போனான், இது ஜரிகை இல்லை, செருப்பு இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. எனக்கு அவனால் வந்த காயம் ஆறிவிடும். நீ ஒரு வரி என்னைக் கேட்டிருக்கலாம். பத்து நாளுக்கு முன்னால் வந்த உன் கடிதத்தில் வெயில் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, வைகாசிக் கல்யாணத்துக்குப் புடவை நிறம் இருக்கிறது, இந்தச் சேதி மட்டும் இல்லை. எனக்கு நல்லது என்று நினைத்து அனுப்பினாயா, மாமனார் கேட்டதை மறுக்கக் கூடாது என்று அனுப்பினாயா, நாலு நாளாகச் சாம்பல் குழியில் நின்று இதைத்தான் யோசிக்கிறேன். மணிமேகலை, "அண்ணன் உன்ன நம்பித்தாம்பா அனுப்பிச்சு, நம்பாம இருந்திருந்தா அனுப்பியிருக்காது" என்கிறாள். அப்படியென்றால் உன்னை அதற்குப் பழக்கினவன் நான்தான். பெற்றவன் மாதிரி வளர்த்துவிட்டு இருபது வருஷம் உனக்கு நான் வேறு ஒரு ஆளைக் காட்டிக்கொண்டிருந்தேன். அதனால் உன்னைக் குற்றம் சொல்ல எழுத ஆரம்பித்தவன், பாதிக்கு மேல் எழுத முடியாமல் நிற்கிறேன். ஆனாலும் கண்ணு, வலிக்கிறது, அதை மட்டும் அடிக்க மாட்டேன் என்று மணிமேகலையிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த விசாரணை மார்ச் 16. நானே இந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஆஞ்சப்பன் புளுகு என்று ஷெட்டே சிரிக்கும். அந்தக் கடிதத்தை எந்தக் கவரில் போட்டு அனுப்பினாயோ அப்படியே இதையும் போட்டு அனுப்பு, இந்த முறை மாமனாருக்கு இல்லை, நேராக ஆபீசர் பேருக்கு, விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சென்னகிருஷ்ணன் மகள் பிரவீனா நல்ல பெண், அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவள் வீட்டில் இதனால் என்ன பேச்சு வரும் என்று தெரிந்துதான் கேட்கிறேன். அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம், உன்னை விசாரிக்கிற ஆபீசர் நான் இல்லை. அனுப்பினால், போன முறை எழுதின அந்த வரியையே மறுபடி எழுதி வை, என் சித்தப்பா எனக்கு எழுதுகிற கடிதத்தில் பொய் எழுத மாட்டார் என்று. இந்த ஒரு கடிதத்துக்கு அது பொருந்தும்.

நீ நூறு வயசு நோயில்லாமல் இருக்க வேண்டும், கையில் வேலையும் வீட்டில் சிரிப்பும் குறையாமல் இருக்க வேண்டும். சித்தியும் தங்கையும் விசாரித்ததாக எழுதச் சொல்கிறார்கள். மஸ்கட் தபாலுக்கு எட்டு நாள் ஆகிறது, தேதியை மறந்துவிடாதே. நெஞ்சைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு
உன் சித்தப்பா
ஆஞ்சப்பன், பயர்மேன்