அம்மா சிரித்த இடம்

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி பெதிருக்கு,

அக்கா சூஸான் எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டும் என்று இறைவனைக் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் உடம்பளவில் நலம். இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். வியாழனுக்குள் உன் ராணுவ முகாமுக்கு வந்துவிடும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். கிடைத்ததும் தனியாக உட்கார்ந்து படி. வெள்ளிக்கிழமைக்கு முன் நீ இதைப் படித்தாக வேண்டும்.

ஞாயிறு காலை நீ போன் செய்தபோதே சொல்லியிருக்க வேண்டியது. என்னால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை உங்களுக்கும் அந்தப் போர்ப் படத்தைப் போடப் போகிறார்கள் என்று மூச்சு விடாமல் பேசினாய். "நான் இதுல நடிச்சிருக்கேன்னு பசங்ககிட்ட சொல்லிட்டேன்க்கா. நான் வர்ற இடத்துல எல்லாரும் கைதட்டணும்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றாய். பின்னாலிருந்து ஒருவன் ரிசீவரைப் பிடுங்கி, "அக்கா, உங்க தம்பி இப்பவே பூட்ஸுக்குப் பாலிஷ் போட மாட்டேங்கறான், பெரிய ஸ்டாராம்!" என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள். "சந்தோஷம்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டு நாளாக அந்த ஒரு சொல் என்னைத் தின்கிறது.

என்ன வேடம் என்று அவர்களிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். உனக்கே அது தெரியாது. நாங்கள் சனிக்கிழமை பார்த்தோம்.

செப்டம்பரில் ஆப்பிள் பறிப்பு நடந்தபோது சினிமாக்காரர்கள் நம் மலைக்கு வந்து, "குர்து பேசத் தெரிஞ்ச ஒல்லி ஆளுங்க நாலு பேர் வேணும்" என்று தோட்டத்தில் கேட்டது நினைவிருக்கிறதா? சாயங்காலம் கன்னத்தில் ஒட்டுத்தாடியின் பசையோடு வந்தாய். அம்மா ஆலிவ் எண்ணெய் தேய்த்து எடுத்தாள். "பாறையப் பார்த்துச் சுடச் சொன்னாங்க, சுட்டேன். உங்க பாஷையில கோபமா எதையாவது கத்துன்னாங்க, கத்தினேன்" என்றாய். என்ன கத்தினாய் என்று கேட்டதற்கு, "படம் வரும், பாரு" என்று கண்ணடித்தாய்.

படத்தில் அந்தப் பாறை இல்லை, பெதிர். நீ சுட்ட இடத்தில் துருக்கி ராணுவத்தின் இளம் கார்ப்பரல் ஒருவன் நிற்கிறான். அவனை வேறொரு நாள், வேறெங்கோ எடுத்திருப்பார்கள். உன் துப்பாக்கி ஒருமுறை, அவன் முகம் ஒருமுறை என்று வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். படம் முழுக்க எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டே வருபவன் அவன்தான். ஊரில் மனைவிக்கு ஏழாம் மாதம். கையிலிருந்த கடைசி ரொட்டியைக் காயம்பட்ட எதிரிக்குப் பிய்த்துக் கொடுக்கிறான். அடுத்த காட்சியில் மலைத் தீவிரவாதியாக நீ பின்னாலிருந்து அவனைச் சுடுகிறாய். விழுந்தவனைப் பார்த்து நின்று கத்துகிறாய். உன் முகம் திரை முழுக்கத் தெரிகிறது. தாடி இருந்தாலும் அது நீதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. அந்த இடத்தில் திரையின் கீழே துருக்கி மொழியில் எழுத்து ஓடுகிறது: "உங்கள் ரத்தத்தைக் குடிக்காமல் இந்த மலையை விட்டு இறங்க மாட்டோம்!"

இந்தப் படத்தைப் பற்றி இரண்டு வாரமாகத் தொலைக்காட்சியில் சண்டை. ஒவ்வொரு பிள்ளையும் பார்க்க வேண்டும் என்கிறார் ஒருவர். பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளை வைத்துக் காசு பார்க்கிறார்கள் என்கிறார் இன்னொருவர். நம் ஊரில் சண்டையே இல்லை. நகராட்சி மண்டபத்தில் இலவசக் காட்சி. ஆசிரியர்கள் குடும்பத்தோடு வர வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். தற்காலிக ஆசிரியை நான், வராமல் இருக்க முடியுமா? வாசலில் ஆளுக்கொரு காகிதக் கொடி கொடுத்தார்கள். அம்மா பெரிய திரையில் படம் பார்ப்பது இதுதான் முதல்முறை. மகனைப் பார்க்கப் போகிறாள் என்று கல்யாணத்துக்குப் போகிற முக்காட்டை எடுத்துக் கட்டியிருந்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும், மறைக்க மாட்டேன். படம் தொடங்கித் தேசிய கீதத்துக்கு எல்லோரும் எழுந்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. திங்களும் வெள்ளியும் என் வகுப்புப் பிள்ளைகளோடு நின்று பாடுகிற பாட்டுதானே. கார்ப்பரல் விழுந்தபோது நானும் அழுதேன். உன் குண்டுக்கு விழுந்தவனுக்காக அழுதேன், தம்பி. அழுதுகொண்டிருக்கும்போதே நீ நம் மொழியில் கத்தியது காதில் விழுந்தது. "அம்மா, துணியெல்லாம் எடு, மழை வருது!"

அம்மாவுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. அவளுக்குக் கேட்டது உன் குரல் மட்டும். முகாம் போனில் நீ துருக்கி மொழிதானே பேச முடிகிறது, நாலு மாதமாகத் தன் மொழியில் கேட்காத குரல். மண்டபமே விசும்பிக்கொண்டிருக்கிறது, அம்மா சிரித்துவிட்டாள். வாய்விட்டு, பல் தெரிய. சிரித்துக்கொண்டே உனக்குப் பதில் வேறு சொன்னாள். நம் மொழியில், உரக்க. "எடுத்துட்டேன்டா கண்ணு, எடுத்துட்டேன்!"

விளக்கைப் போட்டார்கள். படத்தை நிறுத்தினார்கள். "யாரது சிரிச்சது?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். பின்னாலிருந்து நம் மாடிவீட்டு நெரிமான் அக்கா, "பையன் சாகறான், உனக்குச் சிரிப்பு வருதா? என் மவனும் எல்லையிலதான் நிக்கறான், தெரியுமில்ல?" என்று கத்தினாள். நெரிமான் அக்காதான் நீ பட்டாளத்துக்குப் புறப்பட்ட அன்று உன் உள்ளங்கையில் மருதாணி வைத்தவள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டீச்சர் நீதானே சொல்லு என்பதுபோல்.

நான் சொல்லியிருக்கலாம். நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். இரண்டு மொழியும் தெரிந்தவள் அந்த மண்டபத்தில் நான் ஒருத்திதான். ஒரே வாக்கியம் போதும். ஆனால் நான் சொன்னது, "மன்னிச்சிருங்க, அம்மாவுக்குப் புத்தி சரியில்லை."

அம்மாவுக்குத் துருக்கி அதிகம் தெரியாது. ஆனால் அந்தச் சொல் தெரியும். என்னைத் திரும்பிப் பார்த்தாள். கொடியை மடியில் மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அதிலிருந்து என்னோடு பேசவில்லை. ஞாயிறன்று நீ போன் செய்தபோது பக்கத்தில்தான் நின்றாள். ரிசீவரை நீட்டினேன், வாங்கவில்லை. அம்மா குளிக்கிறாள் என்று உன்னிடம் சொன்னது பொய்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஞாயிறு மதியம் பேக்கரியில் ஹில்மி, "ஏம்மா, கார்ப்பரலச் சுட்டவனோட அக்கா வந்திருக்காங்க, நல்லா வெந்த ரொட்டியா எடுத்துக் குடு, இல்லன்னா நம்மளையும் சுட்டுருவாங்க" என்று மனைவியிடம் சொன்னார். வேடிக்கையாகத்தான் சொன்னார், நானும் சிரித்து வைத்தேன். நேற்றுக் காலைச் செய்தியில் எல்லையில் மூன்று வீரர்கள் இறந்ததாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் வேடிக்கையாகப் பேசவில்லை. ரொட்டி தீர்ந்துவிட்டது என்றார். அலமாரி நிறைய ரொட்டி இருந்தது. சாயங்காலம் கார்கள் கொடியோடு ஹாரன் அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போயின. நம் வீட்டு முன்னால் நின்று, போகாமல், அடித்துக்கொண்டே இருந்தன. முன்னறை ஜன்னலில் கல் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை, கவலைப்படாதே. உன்னைப் பேருந்து நிலையத்தில் தோளில் தூக்கி ஆடினார்களே, அந்தப் பையன்களில் இரண்டு பேரின் குரலை நான் அடையாளம் கண்டேன்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். "உங்கம்மாவுக்கு மனநிலை சரியில்லன்னு டாக்டர்கிட்ட ஒரு சான்றிதழ் வாங்கிக் குடுத்துரும்மா, விஷயம் அதோட முடிஞ்சுரும்" என்கிறார். நான் வாங்கப் போவதில்லை. அம்மாவுக்கு நான் செய்ததை இன்னொருமுறை முத்திரை குத்திச் செய்ய மாட்டேன். வேலை போனால் போகட்டும்.

எனக்கு அதெல்லாம் பயமில்லை. பயம் வெள்ளிக்கிழமையைப் பற்றி. கைதட்டச் சொல்லி வைத்திருக்கிறாயே, அந்தப் பையன்களில் எத்தனை பேருக்கு நண்பர்கள் இறந்திருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா? இருட்டில் அவர்கள் நடுவில் நீ உட்கார்ந்திருப்பதையும், திரையில் உன் முகம் வருவதையும் நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சல் என்று படுத்துக்கொள் என எழுத நினைத்தேன். ஆனால் நீ இல்லாமல் அவர்கள் பார்த்தால் அது இன்னும் மோசம். ஒளிந்துகொண்டான் என்பார்கள். முன்னாலேயே சொல்லிவிடு, பெதிர். எந்த வேடம், எதைப் பார்த்துச் சுட்டாய், என்ன கத்தினாய், எல்லாவற்றையும். சிரிக்கச் சிரிக்கச் சொல்லு, உனக்கு அது வரும். எனக்கு வராதது உனக்கு வரும்.

உனக்கு முன் இந்த உறையைப் பிரித்துப் படிக்கும் அதிகாரி ஐயாவுக்கு: வணக்கம். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. என் தம்பி யாருடைய ரத்தத்தையும் கேட்கவில்லை. மழைக்கு முன் துணியை எடுக்கச் சொன்னான். அந்த மொழி தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இதற்கு நான் பெயரிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். உள்ளங்கையில் மருதாணி வைத்துத்தான் அவனைப் பட்டாளத்துக்கு அனுப்பினோம். அவன் உங்கள் வீரன். படம் போடும்போது அவனை உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள் ஐயா. வேறெதுவும் கேட்கவில்லை.

பெதிர், இதை எழுதும்போது அம்மா எதிரே உட்கார்ந்து உனக்குக் கம்பளிக் காலுறை மடித்துக்கொண்டிருக்கிறாள். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போன் செய். பேச முடியாத நிலையில் இருந்தால் பேசாதே. ரிசீவரை நேராக அம்மா காதில் வைத்துவிடுகிறேன். மறுமுனையில் நீ மூச்சு விடுவது கேட்டால் போதும்.

இறைவன் உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். உன் இரு கண்களிலும் முத்தம்.

உன் அக்கா,
சூஸான்