தேவகியின் வலது கை

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே அனல். திருப்பதி ஆஸ்பத்திரி. டோக்கன் 41. டாக்டர் தேவகியின் வலது கையைத் தூக்கிப் பிடித்து நாடி பார்த்தார். தூக்கினால் நாடியே இல்லை. எக்ஸ்ரேயில் கழுத்தோரம் ஒரு விலா எலும்பு அதிகம். பிறவியிலேயே இருந்ததாம். ரத்தக்குழாயை நசுக்கி, ரத்தம் உறைந்து, துணுக்கு துணுக்காக விரலுக்கு இறங்கியிருக்கிறது. ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டும் கறுப்பு.

கை மரத்துப்போகிறது என்று அவள் சொன்னதும், நரம்பு பிசகல் என்று எலும்புக் கட்டுக்காரரிடம் கூட்டிப்போனது நான். சித்தூர் தம்பிக்கு முறிந்த கால் அங்கேதான் கூடியது. நாற்பது நாள் கட்டு. மூங்கில் பட்டை, முட்டை, மூலிகை, விரல் நுனி வரை. விரல் ஜில்லென்று இருக்கிறது என்றாள். மருந்து பிடிக்கிறது என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் தெலுங்கில் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். முடித்துத் தொலைத்திருக்கலாம்.

ஜூன் 11, புதன்

ஆபரேஷன். எடுத்துப்போனவை: ஆதார், பிளாஸ்க், பழைய நைட்டி, சீப்பு. சீப்பு எதற்கு, தெரியவில்லை.

பக்கத்து பெட் அம்மா: "எலும்ப எடுத்துட்டா கை வந்துடும், பயப்படாத."

ஐந்து மணி நேரம். எலும்பை எடுத்து, குழாயைச் சரிசெய்தார்கள். உள்ளங்கை சூடாக இருந்தது. பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த இரண்டு விரல் மட்டும் ஐஸ்.

ஜூன் 18, புதன்

இரண்டு விரலையும் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். சம்மதப் படிவத்தில், கணவன் என்ற இடத்தில், கையெழுத்து என்னுடையது. பன்னிரண்டு வருஷம் திருமலையில் பெண்களுக்கு மொட்டை போட்ட கை. கத்தி பிடிப்பதே அந்த விரல்களில்தான். கூட வேலை செய்கிறவள் போனில், எப்போது டூட்டிக்கு வருவாள் என்றாள். டவர் இல்லை என்று வைத்துவிட்டேன்.

தேவகி கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். ஃபேன் ஏன் சத்தம் போடுகிறது என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 23, திங்கள்

வீடு. மழை வருவதுபோல் வந்து ஏமாற்றியது. பால்காரரிடம் நாளைக்கு ஒரு பாக்கெட் கூடச் சொல்ல வேண்டும். ரசம் சாதம் பிசைந்து ஊட்டப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். எனக்குத் தாங்கவில்லை.

"ஒரு தபா திட்டிடு தேவகி. நான்தானே இட்டுக்கினு போனேன்."

"திட்டிட்டா உனுக்கு ஆறிப்பூடும். எனுக்கு?"

தட்டை வாங்கிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, இடது கையால் சாப்பிட்டாள்.