மஞ்சள் அட்டையில் குளவி இல்லை

பிப்ரவரி 3
எலும்பு ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் என்று எழுத வழியில்லை. ஒரு கால் மேலே தொங்குகிறது, மிச்சமெல்லாம் கீழே கிடக்கிறது. மூன்று மாதம் அசையக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏணியிலிருந்து விழுந்ததற்கு இந்தத் தண்டனை அதிகம்தான். வார்டுக்கு ஒரே ஃபோன், அது நர்ஸம்மா மேஜையில். பேசினால் பன்னிரண்டு கட்டிலும் காதைத் தீட்டிக்கொள்ளும். அதனால் கடிதம்தான்.

போட்டது போட்டபடி நீயும் மாப்பிள்ளையும் என் தக்காளிப் பசுமைக்குடிலைப் பார்த்துக்கொள்ள ஓடி வந்தீர்கள். அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி சொன்னதில் பாதிகூட உனக்கு ஏறியிருக்காது. மறுபடி சொல்கிறேன், கேள். நம் எதிரி வெள்ளை ஈ. நம் கூட்டாளி ஒரு குளவி. முற்றுப்புள்ளி அளவுதான் இருக்கும், கொட்டாது. இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஈக்குஞ்சுக்குள்ளேயே முட்டை வைக்கும், அதன் பிள்ளை உள்ளேயே தின்று வளரும். ஈ அடியோடு ஒழிந்தால் குளவியும் பட்டினியில் போய்விடும். அப்புறம் வெளியிலிருந்து நாலு ஈ நுழைந்தால் கேட்க நாதியில்லை. ஆகையால் ஈயைக் கண்டு அலறாதே, கொஞ்சம் இருக்கட்டும். வரிசைக்கு ஒன்றாகத் தொங்கும் மஞ்சள் ஒட்டு அட்டையில் ஈயும் ஒட்டும், குளவியும் ஒட்டும். வாராவாரம் கழற்றித் தபாலில் அனுப்பு, லென்ஸ் வைத்து எண்ணிக்கொள்கிறேன். கறுப்புப் பூசணம் பிடித்த கீழ் இலைகளைக் கிள்ளி எரித்துவிடு.

மருந்து மட்டும் கூடவே கூடாது. ஒரு தெளிப்பில் குளவி காலி. தவிர, நம் காய் போவது குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு. அவர்கள் சோதனையில் மருந்து தெரிந்தால் ஒப்பந்தம் போச்சு, நான் குடிலை மூடிவிட்டு உட்கார வேண்டியதுதான். மாப்பிள்ளை பன்னிரண்டு வருஷம் பூச்சிமருந்து விற்றவர், கை துறுதுறுக்கும். கொஞ்சம் பார்த்துக்கொள். சும்மா விளையாட்டுக்குத்தான் எழுதினேன், அவரிடம் படித்துக் காட்டாதே.

உன் அக்கா

&nbsp;

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

படித்துக் காட்டாதே என்று எழுதினால் படித்துக் காட்டாமல் இருக்க முடியுமா? அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பன்னெண்டு வருஷம் கொன்னவன் கையில தொட்டில் ஆட்டுற வேலையைக் குடுத்திருக்காங்க உங்கக்கா" என்றார். காலையில் ஐந்து மணிக்கே போய்க் கூரைச் சன்னலைத் திறந்துவிட்டு, காய் பிடிப்பதற்காக ஒவ்வொரு பூங்கொத்தாகத் தட்டிக் கொடுக்கிறார். செடியோடு பேசுகிறார் வேறு. என்னோடு அவ்வளவு பேசியதில்லை.

நான் பாத்திரம் கழுவினால் நீ மறுபடி கழுவுவாய், ஞாபகமிருக்கிறதா? அந்தப் பேச்சு இனி வராது. ஒரே வாரத்தில் நாற்பது வரிசையையும் நானும் அவருமாக அலசிவிட்டோம். அடியில் கறுப்பு தெரிந்த ஒரு இலையையும் விடவில்லை. நாலு கூடை எரித்தேன். இப்போது வந்தாயானால் உன் குடிலை உனக்கே அடையாளம் தெரியாது. அட்டைகள் கூடவே வருகின்றன. காலை ஆட்டாதே, நர்ஸம்மாவிடம் சண்டை போடாதே.

உன் தங்கை
குட்டி

&nbsp;

பிப்ரவரி 15

அன்புள்ள குட்டிக்கு,

சுத்தத்துக்கு நூறு மார்க். ஆனால் அட்டைக்கு மார்க் போட முடியவில்லை. நான் விழுவதற்கு முந்தின வாரம் ஒரு அட்டைக்கு அறுபது குளவிக்குக் குறையவில்லை. நீ அனுப்பியதில் ஏழு, ஐந்து, ஒன்றில் மூன்று. இரண்டு தடவை எண்ணினேன். பக்கத்துக் கட்டில் டீச்சரம்மாவையும் எண்ணச் சொன்னேன்.

கோபப்படாமல் பதில் எழுது. காலை ஐந்து மணிக்கு மாப்பிள்ளை தனியாகவா போகிறார்? நீ எத்தனை மணிக்குப் போகிறாய்? ஷெட்டில் பழைய கைத்தெளிப்பான் ஒன்று கிடந்தது. அது காய்ந்து கிடக்கிறதா, ஈரமாக இருக்கிறதா? நாலைந்து வரிசையிலிருந்து இலை பறித்துக் காகிதத்தில் மடித்து அனுப்பு.

கேட்கிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதே. படுத்துக்கிடப்பவளுக்கு யோசிப்பதைத் தவிர வேறு என்ன வேலை?

அக்கா

&nbsp;

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

தெளிப்பான் துருப்பிடித்துக் கிடக்கிறது. கைப்பிடியில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறது. ஐந்து மணிக்கு நான் தூங்குகிறேன், அவர் தனியாகத்தான் போகிறார். இதை எதற்குக் கேட்கிறாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. புரியாத மாதிரி இருந்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

இலை அனுப்பியிருக்கிறேன். உள்ளதிலேயே நல்லதாகப் பொறுக்கினேன். ஈ கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது, செடியைத் தட்டினால் மாவு பறந்த மாதிரி எழும்புகிறது. நீ இல்லாத நேரத்தில் கெட்டுப்போனது என்று பெயர் வரக்கூடாதே என்று இன்னும் பார்த்துப் பார்த்துக் கிள்ளுகிறோம்.

குட்டி

&nbsp;

பிப்ரவரி 25

குட்டி,

இலை வந்தது. சோப்புப் போட்டுக் கழுவிய மாதிரி இருக்கிறது. குளவி இருந்ததற்கு அடையாளமே இல்லை. இந்த வார அட்டையில் ஈ இருநூறு, குளவி சைபர்.

மருந்து அடித்தால் ஈயும் சாகவேண்டாமா என்று நீ கேட்பாய். அதுதான் இல்லை. அந்த மருந்தைக் குடித்துக் குடித்துத் தப்பிப் பிழைத்த வம்சம் இந்த வெள்ளை ஈ, அதற்குப் பழகிவிட்டது. குளவிக்குப் பழக்கமில்லை. ஈ கூடி, குளவி மட்டும் மொத்தமாகப் போனால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். ஈ பெருகுவதைப் பார்த்துப் பயந்துபோய், உனக்கும் தெரியாமல் ஒரு நாள் அடித்திருப்பார். கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டால் போதும், மேலே என்ன செய்யலாம் என்று பார்ப்போம். மறைத்து வைத்து, குழந்தைகள் ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்டுபிடித்தால் என் பதினைந்து வருஷ உழைப்பு ஒரே நாளில் போய்விடும்.

நீ புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டாய், தெரியும். ஆனால் நீயும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்.

அக்கா

&nbsp;

மார்ச் 1

அக்கா,

காய்ப்பெட்டி ஏற்ற வரும் லாரிக்காரர் நேற்று ஷெட்டுக்குள் என்ன தேடினார்? உரமூட்டைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், தகர டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தார். "என்ன வேணும்ணே?" என்று இவர் கேட்டதும் அந்த மனுஷனுக்கு வியர்த்துவிட்டது. "ஒண்ணுமில்ல சார், அம்மா ஒரு சுத்தியலைப் பாக்கச் சொன்னாங்க" என்றார். இவர் டீ போட்டுக் கொடுத்து, சுத்தியலையும் எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினார்.

அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. பசியில்லையாம்.

சந்தேகம் இருந்தால் என்னைக் கேள், திட்டு. ஊரான் ஒருவனை விட்டு என் புருஷன் மூட்டையைச் சோதிக்காதே. அவர் உன் சம்பளக்காரர் இல்லை. நீ விழுந்த செய்தி கேட்டு, போட்டிருந்த சட்டையோடு பஸ் ஏறி வந்தவர்.

குட்டி

&nbsp;

மார்ச் 5

குட்டி,

ஆமாம், நான்தான் பார்க்கச் சொன்னேன். எனக்குக் காலிருந்தால் நானே பார்த்திருப்பேன். நீ அனுப்பிய இலைகளில் இரண்டை மருந்துச் சோதனைக் கூடத்துக்கும் அனுப்பிவிட்டேன். முடிவு வர மூன்று வாரமாகும்.

அதுவரைக்கும் மாப்பிள்ளை குடிலுக்குள் கால் வைக்க வேண்டாம். எல்லா வேலையையும் நீயே பார். கஷ்டம்தான். ஆனால் அவர் மேல் தப்பில்லை என்றால் அது தெரிவதற்கும் இதுதான் வழி.

அக்கா

&nbsp;

மார்ச் 9

அக்காவுக்கு,

நீ சொன்னபடி அவர் உள்ளே போவதில்லை. கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டுக் காய் தரம் பிரித்துக் கொடுக்கிறார். அட்டைகள் இத்துடன்.

குட்டி

&nbsp;

மார்ச் 21

அன்புள்ள குட்டிக்கு,

இன்று வந்த அட்டையைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் எழுந்து உட்காரப் போய் நர்ஸம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். குளவி! கடைசி வரிசை அட்டைகளில் பதினெட்டு, இருபத்திரண்டு, முப்பத்தொன்று! பதினைந்து நாளில்!

நான் சொல்லிக்காட்டுவதாக நினைக்காதே, ஆனால் நீயே கூட்டிக் கழித்துப் பார். மாப்பிள்ளை வெளியே, குளவி உள்ளே. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சோதனைக் கூடத்துக் காகிதம் எனக்கு இனி தேவையே இல்லை. போனது போகட்டும், நான் அவரை ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. அவர் அடித்ததை அவர் வாயால் உன்னிடம் சொன்னால் அது போதும்.

உன் அக்கா

&nbsp;

மார்ச் 25

அக்காவுக்கு,

இந்தக் கவரில் ஒரு இலை இருக்கிறது. கடைசி வரிசையில் பறித்தது. திருப்பி, லென்ஸை வைத்துப் பார். எள்ளைத் தூவியது போலக் கறுப்புப் புள்ளி இருக்கும். நான் இதுவரை எரித்த கூடைகளில் இருந்ததெல்லாம் இந்த இலைதான்.

நாற்பது வரிசையை ஒருத்தியால் எப்படிப் பார்க்க முடியும்? தண்ணீர் விட வேண்டும், கொடி கட்ட வேண்டும், காய் பறிக்க வேண்டும். கடைசி எட்டு வரிசைப் பக்கம் என்னால் போகவே முடியவில்லை. கீழ் இலைகளெல்லாம் அப்படியே நின்றுவிட்டன. முந்தாநாள் வெட்கத்தோடு அதைக் கிள்ளப் போனேன். பூசணம் என்றால் விரலால் தேய்த்தால் கையோடு வருமே, இது வரவில்லை. உன் மேஜை டிராயரில் இருந்த பழைய லென்ஸை எடுத்து வந்து பார்த்தேன். சில புள்ளியில் வட்டமாக ஒரு ஓட்டை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றிலிருந்து தலையை நீட்டி, காலை ஊன்றி, ஒரு குளவி வெளியே வந்து மீசையைத் துடைத்துக்கொண்டது.

கறுப்பானது ஈக்குஞ்சு, உள்ளே இருந்தது குளவிப் பிள்ளை. அப்படித்தானே அக்கா? பிறக்கும் முன்னாலேயே கூடை கூடையாகக் கொண்டுபோய் எரித்தது நான். கறுப்பு இலையை எரி என்று எழுதியது நீ. நீ சந்தேகப்படப்பட நான் பயந்துபோய் இன்னும் கிள்ளினேன். கிள்ளக் கிள்ளக் குளவி குறைந்தது, குறையக் குறைய நீ இன்னும் சந்தேகப்பட்டாய். அவர் குடிலுக்குள் இருந்தவரை எனக்கு ஒத்தாசையாகக் கிள்ளிக் கொடுத்தார். அவரை வெளியே நிறுத்தியதும் வேலை நின்றது, குளவி பிழைத்தது. உன் கூட்டல் கழித்தல் சரிதான். விடை மட்டும் தப்பு.

குட்டி

&nbsp;

மார்ச் 30

என் குட்டிக்கு,

உன் கடிதமும் சோதனைக் கூடத்துக் காகிதமும் ஒரே தபாலில் வந்தன. இலையில் எந்த மருந்தும் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் பிரிக்கும் முன்பே உன் இலையைப் பார்த்துவிட்டேன். லென்ஸைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். டீச்சரம்மா கால் வலியா என்று கேட்டார்.

பூசணத்துக்கும் குளவிப் புள்ளிக்கும் வித்தியாசம் தெரியாத உன்னிடம் கறுப்பு இலையை எரி என்று ஒரே வரியில் எழுதினேனே, என் புத்தியை எதால் அடிப்பது? நாலு கூடை எரித்தேன் என்று நீ எழுதினாய். கறுப்புப் புள்ளி இலையைத் தொடாதே என்பது எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக் கொடுத்த பாடம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மாப்பிள்ளை மருந்து விற்றவர் என்பதைத் தவிர வேறு எதையும் என் கண் பார்க்கவில்லை.

அவருக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அதில் மன்னிப்பு என்றுதான் எழுதியிருக்கிறேன், சுற்றி வளைக்கவில்லை. குடிலில் பாதி உங்களுக்கு என்று எழுதித் தந்துவிடுகிறேன். நான் வந்த பிறகும் அங்கேயே இருங்கள். இருவரும் இருங்கள். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

குடில் நன்றாக இருக்கிறது. கறுப்புப் புள்ளி இலைகளைப் பறித்து, முன் வரிசைச் செடிகளில் ஒவ்வொன்றாகக் கட்டிவிட்டோம். அவர்தான் கட்டினார், உன் கடிதம் வந்த அன்றே உள்ளே போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் போன காயில் ஒரு பெட்டிகூடத் திரும்பவில்லை. அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

உன் மன்னிப்புக் கடிதத்தை அவர் இரண்டு தடவை படித்தார். "விடு, உங்கக்கா இடத்துல நான் இருந்தாலும் என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்" என்றார். அவருக்கு உன் மேல் கோபம் இல்லை. நிஜமாகவே இல்லை. நீ நிம்மதியாக இரு.

ஆனால் நாங்கள் இங்கே இருக்க முடியாது அக்கா. நீ வந்து இறங்கும் அன்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறோம். பாதி எல்லாம் வேண்டாம். ஏன் என்று நீ கேட்பாய், அதனால் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பன்னிரண்டு வருஷமும் அவர் சட்டையைத் துவைத்தவள் நான். எத்தனை தண்ணீரில் அலசினாலும் மருந்து வாடை போகாது. இந்த வாடையோடு பக்கத்தில் படுக்காதே என்று நான் சண்டை போட்டுப் போட்டுத்தான் போன வருஷம் அவர் அந்த வேலையை விட்டார். கையில் வேறு வேலை இல்லாமல், எனக்காக விட்டார்.

நீயும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதம் வந்த அன்று சாயங்காலம் அவர் குளிக்கப் போயிருந்தார். கழற்றிப் போட்ட சட்டை நாற்காலி மேல் கிடந்தது. நான் அதை எடுத்து மோந்து பார்த்தேன். கழுத்துப்பட்டை, கைமடிப்பு, பை, ஒன்றையும் விடவில்லை. தக்காளிச் செடி வாசனைதான் வந்தது. அப்பாடா என்று திரும்பினால், துண்டோடு வாசலில் நிற்கிறார்.

கிட்டே வந்து சட்டையை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு போனார். உன்னை அவர் மன்னித்துவிட்டார். அன்றையிலிருந்து தன் சட்டையைத் தானே துவைத்துக்கொள்கிறார்.

குட்டி